பன்னெண்டு தும்மல்

டெல்லி வசந்தம்னா எல்லாரும் பூவைப் பத்திதான் பேசுவாங்க. பிப்ரவரி கடைசியில பனிமூட்டம் விலகும், முள்ளிலவ மரம் ஒரு இலைகூட இல்லாம செக்கச்செவேல்னு நிக்கும், பார்க்கிற எல்லாரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பாங்க. எனக்கு வசந்தம்னா காலையில எழுந்ததும் வரிசையா பன்னெண்டு தும்மல். எண்ணித்தான் சொல்றேன். (பி.காம். படிக்கிறவன் எண்ணாம விடுவானா?) எங்க விருதுநகர்ல சின்னப் பிள்ளை தும்மினா ஆச்சி "நூறு"ன்னு சொல்லும். அந்தக் கணக்குப்படி எனக்கு ஒரு காலைக்கு ஆயிரத்து இருநூறு வயசு ஏறுது.

முதல் வருஷம் இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டாம் வருஷ மார்ச்லதான் ஆரம்பிச்சது. அதுதான் இயல்புன்னு டாக்டர் சொன்னார். புது ஊரின் மகரந்தத்தை உடம்பு முதல்ல சும்மா பார்த்து வெச்சுக்குமாம். "இது எதிரி"ன்னு முடிவு பண்ணி அதுக்குன்னு எதிர்ப்புப் புரதம் தயார் பண்ண ஒண்ணு ரெண்டு சீசன் ஆகலாம். அப்புறம் அதே தூள் மூக்குக்குள்ள போனா ஹிஸ்டமின் கொட்டும். தும்மல், அரிப்பு, கண்ணீர் எல்லாம் வரும். தூள் என்னவோ அப்பாவிதான். சண்டைக்குப் போறது நாம.

இங்கிலீஷ்ல இதுக்கு வைக்கோல் காய்ச்சல்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர். காய்ச்சலும் கிடையாது, வைக்கோலும் காரணமில்ல. 1819ல ஜான் பாஸ்டாக்னு ஒரு லண்டன் டாக்டர் தன் சொந்த மூக்கையும் கண்ணையும் வெச்சே இந்த நோயை முதல்ல விவரமா எழுதினார். மகரந்தம்தான் காரணம்னு சோதனை பண்ணிக் காட்டி 1873ல புத்தகம் போட்டவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லை. தும்முறவன்தான் தும்மலை ஆராய்வான் போல.

சரி, டெல்லியில யார் குற்றவாளி? ஹாஸ்டல்ல யாரைக் கேட்டாலும் முள்ளிலவைத்தான் கை காட்டுவாங்க. ஏப்ரல்ல அதோட பஞ்சு காத்துல பறக்குது இல்லையா, கண்ணுக்குத் தெரியுது, அதனால பழி அது மேல. ஆனா பஞ்சு மகரந்தமே இல்ல, விதையைச் சுமக்கிற நூல். அழகான பெரிய பூவெல்லாம் பறவையையும் பூச்சியையும் கூப்பிடுற பூ. அதோட மகரந்தம் கனமா, பிசுபிசுன்னு இருக்கும், ரொம்ப தூரம் பறக்காது. காத்தை நம்பிப் பூக்கிற மரங்கள்தான் வில்லன்கள். அதுங்களுக்கு நிறமும் வேண்டாம், வாசமும் வேண்டாம். கோடிக்கணக்கில் தூளை இறைச்சா போதும். இங்கே சில்பில்னு ஒரு மரம் (நம்ம ஊர் ஆயா மரம்), காகித மல்பெரின்னு இன்னொண்ணு. ரெண்டு பூவையும் யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்ல.

மூணாவது ஆள்தான் எனக்கு அதிர்ச்சி. வடக்கு வளாகத்தை ஒட்டி இருக்கிற ரிட்ஜ் காடு முழுக்க விலாயதி கீகர்னு ஒரு முள்மரம். கிட்டப் போய்ப் பார்த்தா நம்ம வேலிக்கருவை! ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயில்ல வந்தா அங்கேயும் அதே மூஞ்சி. அதோட மகரந்தமும் பலருக்கு ஒத்துக்காது.

தும்மல்தானேன்னு யாரும் இதை நோய் லிஸ்ட்லயே சேர்க்கிறதில்ல. இன்டர்னல் டெஸ்ட் எல்லாம் சரியா மார்ச்லதான் வரும். காஸ்ட் அக்கவுண்டிங் தாள்ல மூக்குத்தண்ணி சொட்டி எண் அழிஞ்சா மார்க் குடுப்பாங்களா? செட்ரிசின் போட்டா தும்மல் நிக்கும், ஆனா எனக்குத் தூக்கம் சொக்கும். 2020க்கு அப்புறம் மெட்ரோவில தும்மினா பக்கத்து சீட் தானா காலியாகும் (அது ஒண்ணுதான் லாபம்). போன மார்ச்ல ஒரு ராத்திரி நெஞ்சுல விசில் சத்தம் கேட்க ஆரம்பிச்சது. படுக்க முடியல, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். மூக்கும் நுரையீரலும் ஒரே குழாயோட ரெண்டு முனை, மூக்கைக் கவனிக்காம விட்டா ஆஸ்துமாவும் சேர்ந்துக்கலாம்னு டாக்டர் சொன்னப்போதான் எனக்கு நிஜமாவே பயம் வந்தது.

இப்போ அவர் சொன்னபடி மூக்கு ஸ்பிரே. "ஸ்டீராய்டா? வேணாம்டா, மிளகுப்பால் குடி"ன்னு அம்மா போன்ல அழாத குறை. மைக்ரோகிராம் கணக்குல மூக்குக்கு மட்டும் போற மருந்துன்னு புரிய வைக்க மூணு போன் ஆச்சு. இது உடனே வேலை செய்யாது, முழு பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அதனால சீசனுக்கு முன்னாடியே, பிப்ரவரியிலயே ஆரம்பிக்கணும். மூக்கடைப்பை நிமிஷத்துல திறக்கிற சொட்டு மருந்தை மட்டும் நாள்கணக்கில் இழுக்காதீங்க. சில நாளுக்கு மேல போட்டா அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

மத்தபடி சின்னச் சின்ன வேலைகள்தான். வெளியே போனா மாஸ்க், ராத்திரி தலைக்குக் குளியல், துணி உள்ளேயே காயணும். கொதிச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு மூக்கைக் கழுவறது நல்ல சுகம். குழாய்த் தண்ணி மட்டும் கூடாது. காத்தடிக்கிற வறண்ட நாள் மோசம், நல்ல மழை பேஞ்சா தூள் அடங்கும், அன்னிக்கு நான் ராஜா.

ஜன்னலைச் சாத்தி வைக்கணும்ங்கிறதுலதான் சிக்கல். மின்விசிறி மட்டும் பத்தாது, காத்து வேணும்ங்கிறான் ரூம்மேட். ராத்திரி எனக்கு, பகல் அவனுக்குன்னு பேசிக்கிட்டிருக்கோம். இன்னும் கையெழுத்தாகல.