கரையேறும் ஆமையும் கரிச்சான் குருவியும்

புவனேசுவரத்தில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகியும், ருஷிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் காணும் பேறு எங்களுக்கு 2025 ஏப்ரலில்தான் வாய்த்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றாமைகள் அங்கே கரையேறி முட்டையிட்டன. தமிழகக் கரைக்கும் வரும் இவற்றைப் பங்குனி ஆமை என்பர் நம் மீனவர். ஒவ்வொன்றும் நூறு முட்டையளவில் மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பின் வந்து பார்ப்பதில்லை.

விடியுமுன் வேலிக்கு இப்பால் நின்றோம். மணலைக் கிளறிக்கொண்டு வெளிவந்த குஞ்சுகள் ஒன்றுகூடத் தயங்காமல் அலையை நோக்கி ஓடின. "இவற்றின் அம்மா எங்கே?" என்று எங்கள் எட்டு வயது மகள் கேட்டாள். கேட்டது ஒடியா மொழியில். தஞ்சையிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு அது விளங்கவில்லை. பேத்தியின் கேள்வியைப் பாட்டிக்கும், பாட்டியின் பதிலைப் பேத்திக்கும் நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னோம். சொல்லும்போதே நாணமாக இருந்தது.

'தமிழ் நம் குருதியில் ஊறியது. வளர்ந்தால் தானே வந்துவிடும்' என்றே அதுவரை எண்ணியிருந்தோம். ஆமையின் கதை அவ்வெண்ணத்துக்கு அரணாகத் தோன்றலாம். கற்பிக்கத் தாயில்லை, ஆயினும் கடலாமைகள் புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து வழியறிகின்றன என ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வளர்ந்த பெண்ணாமை முட்டையிடப் பிறந்த கரைப்பக்கமே நாடி வருகிறது.

ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்ப்பொந்தில் குடியிருக்கும் குண்டுக்கரிச்சான் வேறு பாடம் சொல்லுகிறது. கருப்பும் வெள்ளையுமான அச்சிறு பறவை, வாலை நிமிர்த்தி, வைகறையில் கூரைமேல் அமர்ந்து பாடும். பாடும் பறவையினம் பாட்டைக் கேட்டே கற்கிறது. இளமையில் கேட்டதை மனத்தில் இருத்தி, பின்னர் குழறிக் குழறிப் பழகித் தேறுகிறது. 1950-களில் கேம்பிரிட்ஜில் தார்ப் என்னும் அறிஞர், பாடும் பறவைகளுள் மற்றொன்றான சாஃபிஞ்சுக் குஞ்சுகளைத் தம் இனத்தின் பாட்டுக் காதில் விழாதபடி தனியே வளர்த்தார். அவையும் பாடின, ஆனால் அது குறைப்பட்ட பாட்டாகவே இருந்தது.

ஆமைக்கு வேண்டியது காவல். அது மூச்சுவிட நீர்மேல் வரவேண்டிய உயிர். இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறக்கும். கரையோர விளக்கொளி குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும். அதனால்தான் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. ஒடிசாவில் நவம்பர் முதல் மே முடிய முட்டையிடும் கரைகளை அடுத்த கடலில் மீன்பிடிக்கத் தடையும் உண்டு. குறுக்கே நில்லாமல் நாம் விலகி நின்றால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். பாடும் பறவைக்கு அது போதாது. அருகிருந்து பாட ஒருவர் வேண்டும்.

மொழிவகையில் நம் மக்கள் கரிச்சான் குஞ்சுகளே. சங்கத்தின் ஞாயிறு வகுப்பு எழுத்தைக் கற்பிக்கும். செவியை நிறைக்க வேண்டியது வீடு. ஒடியாவும் அவர்களுக்கு உரியதே. அதைக் குறைப்பது நம் நோக்கமன்று.

இப்போது இரவுதோறும் பாட்டியுடன் தொலைபேசியில் கால்மணி நேரம் பேச்சு நடக்கிறது, நாங்கள் குறுக்கிடுவதில்லை. சென்ற வாரம், "பாட்டி, நீ சாப்பிட்டாயா?" என்பதற்குப் பதிலாக, "பாட்டி, நீ சாப்பிட்டேனா?" என்று கேட்டாள். பிழைதான். மறுமுனையில் பாட்டி சிரித்துவிட்டு, "சாப்பிட்டேன், கண்ணு" என்றார். அன்று மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.