பண்டுக்கு அந்தப் பக்கம்

பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளான்காரர்கள் கூடாரத்தையும் கேஸ் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சனுக்குப் போவார்கள். கூடுதலாக நாலு நாள் லீவு கிடைத்தவர்கள் மலையைத் தாண்டிச் செராத்திங், திரங்கானு என்று கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். கேரித் தீவு, மோரிப், தஞ்சோங் செப்பாட் என்று நம் வாசலிலேயே கிடக்கிற கடலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளை மணல் இல்லை, தண்ணீர் நீலமாக இல்லை, சேறு. எனக்கு இந்தச் சேற்றுக் கரைமேல் தீராத பிரியம். அம்மா பிறந்தது கேரித் தீவு ஈஸ்ட் எஸ்டேட் லயத்தில். ஆகவே இந்த முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஐந்தாம் எண் சாலையைப் பிடித்துக் கரையோரமாகவே போனோம்.

தெலுக் பங்லிமா காராங்கில் வலப்பக்கம் திரும்பி லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தீவு. பாலம் இறங்கியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயர் இன்னும் தீவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனிப் பெயர்கள்தாம் நிற்கவில்லை. முன்பு கோல்டன் ஹோப், 2007-இல் சைம் டார்பி, 2024-இல் எஸ்டி கத்ரி. மரங்களுக்கு நடுவே கம்பங்களில் மரப்பெட்டிகள் தெரிந்தன. எலி பிடிக்கக் கூகைகளைக் குடிவைக்கும் பெட்டிகள் அவை என்று அம்மா சொன்னதும் பிள்ளைகளுக்குப் போதுமான வேலை கிடைத்துவிட்டது. வழியெல்லாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்தத் தீவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பண்டின்மேல், அதாவது கடலைத் தடுக்கும் மண்கரையின்மேல், ஏறி நிற்க வேண்டும். கிள்ளான் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது அளவுகோலில் 5 மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. தோட்டத்து நிலம் அந்த மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கண்டல் காடாகவும் சதுப்பாகவும் இருந்த இடத்தைச் சுற்றி மண்கரை போட்டு, உள்ளே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் இங்கே மரம் வைத்தார்கள். வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் மதகு இருக்கிறது. அதன் பலகை மேல்முனையில் கீல் போட்டுத் தொங்குகிறது. கடல் ஏறும்போது வெளித்தண்ணீர் அதை அழுத்தி மூடிவிடும்; வற்றும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் தானே தள்ளித் திறந்துகொண்டு போகும். ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம். நாங்கள் போன நேரம் வற்றம். பலகையின் கீழ் இடுக்கு வழியாகத் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது விழும் இடத்தில் சேற்றில் தாவும் மீன்கள், விரல் நீளம்தான், முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு துடுப்பை ஊன்றி நகர்ந்தன. ஒன்று இன்னொன்றின் வளைப்பக்கம் போனதும் முதுகுத் துடுப்பை விசிறியாக விரித்துச் சண்டைக்கு நின்றது. மகன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"பாட்டி, கடல் இவ்வளவு கிட்டவா இருந்துச்சு உங்க வீட்டுக்கு?"

"கிட்டதான்யா. யாரு பார்த்தா? விடியறதுக்குள்ள பேர் கூப்பிடற பெரட்டுக்கு ஓடணும். எங்கம்மா பண்டு ஓரமா புல்லு வெட்டுவாங்க. ஏறி நின்னு வேடிக்கை பார்த்தா மண்டோர் ஏசுவாரு."

அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. உப்புக் காற்றிலேயே பிள்ளை பெற்று, வளர்த்து, வேலையில் முதுகு வளைந்த ஆயா, அம்மாவின் அம்மா, ஒரு நாளாவது கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாரா? எனக்குத் தெரிந்து இல்லை.

தோட்டத்துச் சாலையில் கார் ஓட்டும்போது 1941 நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. மே மாதம் நாதன் கைதானார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறையைவிட இந்தச் சாலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் கேட்ட கேள்வி சின்னது: "இறங்கலன்னா?" பதில் சொல்ல நேரம் பிடித்தது.

தீவு தோட்டக்காரர்களுடையது மட்டுமல்ல. கேரிக்கு முன்னாலும் இங்கே இருந்தவர்கள் மா மேரி மக்கள். கம்போங் சுங்கை பும்புனில் அவர்கள் மரம் செதுக்குவதைப் பார்த்தோம். கண்டல் காட்டு நீரே பத்து மரம், சிவந்த நிறம், கையில் எடுத்தால் கனம். ஒரே கட்டையில், எங்கும் ஒட்டுப் போடாமல், சங்கிலி வளையங்களோடு புலியைச் செதுக்குகிறார்கள். மூதாதையரை வணங்கும் ஹரி மோயாங் இவர்களுடைய பெரிய நாள். கடற்கரைப் பூசை வற்றத்தில் திறக்கும் சேற்று வெளியிலேயே நடக்கும். நாம் சேறு என்று ஒதுக்குகிற இடத்தில் அவர்கள் மூதாதையரை அழைக்கிறார்கள். 2017-இல் இந்தத் தீவில் பெரிய துறைமுகம் கட்டும் திட்டம் பேசப்பட்டது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. வேலை வரும், பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மரமும் அந்தப் பூசையும் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்குத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இடம் வேண்டும்.

இரவுக்கு மோரிப். பாலத்தைத் தாண்டி மறுபடி பெருநிலத்துக்கு வந்து, பந்திங் வழியாகப் போக வேண்டும். அங்கே சவுக்கு மரத்தடியில், புல்தரையில் கூடாரம் போடலாம். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பில் இந்தியப் படைகள் இறங்கிய கரை இது. ஜப்பான் அதற்கு முந்தைய மாதமே சரணடைந்துவிட்டது, ஆனாலும் இறக்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்தன. நினைவுக்கல் இருக்கிறது. எங்களுக்கு அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. சாயங்காலம் அகாஸ் பூச்சி கடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் சமாளிக்கலாம். மாலையில் பல நூறு மீட்டர் தள்ளிக் கிடந்த கடல் நடுச்சாமத்தில் கரைச்சுவரைத் தட்டியது. பிள்ளைகள் டார்ச் லைட்டோடு ஓடிப்போய்ப் பார்த்து வந்தார்கள். அம்மா பாயில் கால் நீட்டிக் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தூங்கச் சொன்னதற்கு, "பகல்ல தூங்கிக்கிறேன், நீ படு" என்றார்.

மறுநாள் தஞ்சோங் செப்பாட்டில் பாவ் வாங்கித் தின்றுகொண்டே அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டோம். மாமா வீடும் சின்னம்மா வீடும் சேர்ந்துகொள்கிறார்கள். கரைக்குப் பக்கத்தில் கூடாரம் போட வேண்டுமென்றால் தண்ணீர் அதிகம் ஏறாத நாள் வேண்டும். அதற்கு அடுப்படியில் தொங்குகிற நாட்காட்டியே போதும் என்று மகனுக்குக் காட்டினேன்: நிலா பாதியாக இருக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் கடல் அடங்கியிருக்கும். அவன் போனில் தேடி ஒரு நவமியைக் குறித்தான்.

"நவமியில வீட்டை விட்டுக் கிளம்பறதா? தசமின்னு போடு" என்றார் அம்மா. தசமிக்கும் தண்ணீர் சின்னதுதான். போட்டுவிட்டோம்.