கை கேட்கும் கேள்வி

கனெக்டிகட்டிலிருந்து,

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ யாராவது ஓர் அப்பா எனக்கு ஃபோன் செய்வார். "பொண்ணு வயலின்ல எம்.ஏ. முடிச்சுட்டா சார். கச்சேரியையும் விட மாட்டேங்கறா, ஆராய்ச்சியும் பண்ணணும்ங்கறா. ரெண்டுக்கும் சேர்த்து அங்கே எந்த யுனிவர்சிட்டி நல்லது?" தனித்தனியாகச் சொல்லி வந்ததை இந்த முறை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

இங்கே அந்த இரண்டும் பெரும்பாலும் தனிக்குடித்தனம். வாசிப்பவர்களுக்கு எம்.எம். என்ற முதுகலைப் பட்டம், அதன்மேல் டி.எம்.ஏ. என்ற டாக்டர் பட்டம். அதில் கச்சேரிதான் பிரதானம், கூடவே ஓர் ஆய்வுக் கட்டுரை. இசையியல்காரர்களுக்கு எம்.ஏ., பி.எச்டி.; ஆய்வேடுதான் எல்லாம், வாசிப்பது பெரும்பாலும் அவரவர் விருப்பம். யேல் பல்கலைக்கழகத்தில் இசைப்பள்ளி தனி, இசைத்துறை தனி. 2005-இல் வந்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு அந்த இசைப்பள்ளியில் கல்விக் கட்டணமே இல்லை என்றதும் அப்பாக்களின் குரலில் தெம்பு வந்துவிடும். ஆனால் அங்கே வயலின் என்றால் பாகும் பிராம்ஸும்தான், தோடி ராகத்துக்கு வேலையில்லை.

மேற்கத்தியப் பழைய இசைக்காரர்கள் இந்தச் சுவரை எப்போதோ இடித்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பால் சாக்கர் 1933-இல் தொடங்கிய ஸ்கோலா கன்டோரம் பாசிலியென்சிஸ், கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் சேர்த்தே நடத்துகிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளின் நகலைப் பார்த்தே வாசிக்க மாணவர்கள் பழகுகிறார்கள். ஏட்டைப் படிக்கத் தெரியாமல் வாசிக்க முடியாது. வாசித்துப் பார்க்காமல் ஏடு விளங்காது. அமெரிக்காவில் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பழைய இசையில் இதே பாதையில் போகிறது.

நம் கர்நாடக இசைக்கு அப்படியொரு வீடு நான் இருக்கும் இதே மாநிலத்தில், மிடில்டவுனில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகம். மிருதங்க வித்வான் டி.ரங்கநாதன் 1963-இல் அங்கே ஆசிரியராக வந்தார். வீணை தனம்மாளின் பேரன் அவர், நடனமணி பாலசரஸ்வதியின் தம்பி. ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதன், அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார். தலைப்பு, ராக ஆலாபனை. ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நாம் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் பரதநாட்டிய இசையை ஆய்ந்தார். மிருதங்கக்காரர் டேவிட் நெல்சன் தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொண்டார். மேடையில் எதைச் செய்தார்களோ அதைப் பற்றியே எழுதினார்கள். வாத்தியத்தைப் பரணில் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனவர்கள் இல்லை.

அங்கே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நவராத்திரி விழா நடக்கிறது. கச்சேரிகளோடு சரஸ்வதி பூஜையும் உண்டு. வாத்தியங்களைக் கொண்டு வரலாம், கையெழுத்துப் பிரதிகளையும் கொண்டு வரலாம். இரண்டுக்கும் ஒரே பூஜை. பல்கலைக்கழகங்களில் எத்தனை இடத்தில் இந்தச் சமமரியாதை கிடைக்கும்?

அதனால், ஃபோனில் வரும் அப்பாவிடம் நான் ஊர்ப்பெயர்களைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: பெண்ணின் கை என்ன கேள்வி கேட்கிறது? எடுத்துக்காட்டாக, தோடியின் காந்தாரம். புத்தகத்தில் ‘க’ என்று ஓர் எழுத்துதான் இருக்கும். விரலோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். காந்தாரத்தில் நின்றால் தோடி போய்விடும். அந்த அசைவு ஒவ்வொரு பாணியிலும் எப்படி மாறுகிறது, எழுத்தில் வராத அதைச் சிஷ்யர் எப்படிப் பிடித்துக்கொள்கிறார்? வாசிக்காதவருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே அரிது. தோன்றியவருக்கோ சாதகம் மட்டும் போதாது. இரட்டைப் படிப்பு இவர்களுக்குத்தான்.

கேள்வி கையில் இருந்தால் இடம் தேடுவது சுலபம். அங்கே உங்கள் வாத்தியத்துக்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகும் விருந்தினர்தானா? கச்சேரி பட்டத்தில் சேர்த்தியா, மாலைநேரப் பொழுதுபோக்கா? முன்பு படித்தவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளை நூலகத் தளத்தில் பாருங்கள். துறையின் மனசு அதில் தெரிந்துவிடும். பணத்தையும் மறக்காதீர்கள். நல்ல பி.எச்டி. இடங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும். முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலும் கைக்காசுதான். விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கவே முதல் வருடச் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்து எம்.எம். படிக்க வராதீர்கள்.

பல இடங்களில் டிசம்பரில் விண்ணப்பம் முடிந்துவிடும். அதற்கு முன்பே உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, பத்து நிமிட ஒலிப்பதிவோடு பேராசிரியர்களுக்கு அனுப்புங்கள். "நன்றி, விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் பதில் போடுபவர் இருப்பார். "அந்த நான்காவது நிமிடத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்பவரும் இருப்பார். இரண்டாமவர் இருக்கும் ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே போகச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கமே எழுத வரவில்லையா? அதிலும் நஷ்டமில்லை, இன்னும் இரண்டு வருடம் குருவிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மடல்காரன்