வேட்டை வில் வாங்கலாமா?

நவராத்திரி நெருங்கும் நாட்களில் ஒரு மாலை வேளை மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதை முழுவதும் கொலு பொம்மைகள். வில்லுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. ஸ்ரீராமர் கையில் கோதண்டம், அர்ஜுனன் கையில் காண்டீபம், மன்மதன் கையில் கரும்பு வில். காமாட்சி அம்பாள்கூடக் கரும்பு வில்லைத்தான் ஏந்தியிருக்கிறாள். பங்குனி மாதம் வந்தாலோ, கபாலீசுவரர் உற்சவத்தில் அறுபத்து மூவரோடு வேடர் குலத்துக் கண்ணப்ப நாயனாரும் மாட வீதிகளில் பவனி வருகிறார்.

இப்படிப்பட்ட பேட்டையில் வளரும் குழந்தை, "அம்மா, எனக்கு ஒரு வில் வாங்கிக் கொடு" என்று கேட்டால் அதில் ஆச்சரியம் என்ன? ஆனால் இந்தக் காலத்துக் குழந்தையை மூங்கில் குச்சியும் சணல் கயிறும் காட்டி ஏமாற்ற முடியாது. அது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறது. துப்பாக்கிக் கட்டை போல ஒரு கட்டை; அதன் நுனியில் குறுக்கே ஒரு வில்; அடியில் ஒரு விசை. இதற்குக் குறுக்கு வில் என்று பெயர். "வேட்டைக்கு ஏற்றது, விலையும் சகாயம்" என்று விளம்பரம் வேறு!

வாங்கலாமா, கூடாதா? பதில் சொல்வதற்கு முன் மயிலாப்பூரிலிருந்து அடையாறு, கிண்டி, தியாகராய நகர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம், வாருங்கள்.

குறுக்கு வில் ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்கு வில் ஆகியவற்றைப் பற்றி 1924-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். காட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அவை வயிற்றுப்பாட்டுக்கான கருவிகள். பொழுது போகாதவர்களின் விளையாட்டுச் சாமான்கள் அல்ல.

வேட்டையின் ருசியை வேறு விதமாகக் கண்டவர் ஒருவர் மயிலாப்பூரிலேயே வாழ்ந்தார். முன்பு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று அழைக்கப்பட்ட இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் குடியிருந்த இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன்தான் அவர். யானையையும் மானையும் தேடிக் காடு காடாக அலைந்தவர். கையில் கொண்டுபோனது காமிரா. அதையும் பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்டார். 1996-ல் மறையும் வரையில் காட்டு விலங்குகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிரம்மஞான சபையின் சோலை. சபை 1882-ல் இங்கே வந்து குடியேறியது. அந்தச் சோலையின் நிழலில் 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதக் கலைக்காக நாம் எல்லோரும் அறிவோம். அவர் வாயில்லாப் பிராணிகளுக்காகவும் வாதாடினார் என்பது பலருக்குத் தெரியாது. 1952-ல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டதும், பிராணி வதையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1960-ல் அரசாங்கமே அதற்குச் சட்டம் இயற்றியது. விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவியும் அவர்தான்.

அங்கிருந்து சர்தார் படேல் சாலை வழியாகக் கிண்டிக்கு வருவோம். வேலிக்கு அப்பால் புள்ளிமான் ஒன்று தலையை உயர்த்தி உங்களைப் பார்த்தால் திடுக்கிட வேண்டாம். நட்டநடு நகரத்தில் காடு வைத்திருக்கும் ஊர் நம்முடையது! கவர்னர்களின் காலத்தில் வேட்டைக்காகவே ஒதுக்கப்பட்ட காடு இது. 1910-ல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது போக, மிச்சம் இருந்த 270 ஹெக்டேர் 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. புள்ளிமானும், முறுக்கிய கொம்பு கொண்ட வெளிமானும், நரியும் இன்றும் அங்கே உலவுகின்றன. வேட்டைக்காரர்களின் காட்டில் இன்று மான்கள் அச்சமின்றி மேய்கின்றன என்றால், அதற்குச் சட்டமே காவல்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். கொல்வது மட்டும் அல்ல. காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், கொல்ல முயல்வதும் வேட்டையில் சேர்ந்ததே. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கூடவே அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆகவே, சகாய விலை என்று விளம்பரம் செய்த வேட்டை வில்லின் உண்மையான விலை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்!

"அப்படியானால் குழந்தையின் ஆசை?" என்று கேட்கிறீர்கள். அதற்கும் வழி உண்டு. சட்டம் பிறந்த அதே 1972 செப்டம்பரில், ஐம்பத்திரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு, ம்யூனிக் ஒலிம்பிக் பந்தயத்தில் வில்வித்தை மறுபடியும் இடம் பெற்றது. ஒரு கதவு சாத்தியபோது இன்னொரு கதவு திறந்தது! ராஜஸ்தானத்துப் பழங்குடிச் சிறுவன் லிம்பா ராம், மூங்கில் வில்லால் வேட்டையாடிப் பழகிய கையோடு மூன்று ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போனார். ஆனால் குறுக்கு வில்லுக்கு ஒலிம்பிக்கில் இடம் இல்லை. அதில் காசு போட்டால் பிள்ளைக்குப் பந்தயமும் இல்லை. கை தவறினால் விசை வில் கண்ணையும் பதம் பார்த்துவிடும்.

இனி கடைக்குப் போகலாம். முதலில் தியாகராய நகர். 1920-களில் பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்து உண்டாக்கிய இந்தப் பேட்டையில் இன்று கிடைக்காத பொருள் இல்லை. சின்னக் குழந்தையானால் பாண்டி பஜாரில் ரப்பர் முனை வைத்த விளையாட்டு வில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உண்மையாகவே கற்க விரும்பினால், நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பெரியமேட்டில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளுக்குப் போகலாம். அதற்கும் முன்னால், பயிற்சி தரும் இடத்தில் இரவல் வில்லோடு இரண்டு மாதம் பழகட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்று தெரியும், பணமும் மிஞ்சும்.

வில் வாங்குவது ரவிக்கை தைப்பது மாதிரி. அளவு சரியாக இருக்க வேண்டும். பிள்ளையைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். 60 அங்குலம் இருந்தால் நாணை இழுக்கும் நீளம் 24 அங்குலம். அதற்கு 62 அல்லது 64 அங்குல வில் போதும். அம்பு இழுக்கும் நீளத்தைவிட 2 அங்குலமாவது அதிகம் இருக்கட்டும்.

அடுத்தது இழுவிசை. இதைப் பவுண்டு கணக்கில் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு 12 முதல் 16 பவுண்டு வரை சரி. "வளரும் பிள்ளை, 30 பவுண்டாகவே வாங்கிவிடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் தலையசைக்காதீர்கள். நாணை இழுத்துப் பத்து விநாடி கை நடுங்காமல் நிற்க முடிகிறதா? அதுதான் பரீட்சை.

விலையில் மிகவும் எளியது மூங்கில் வில். மூங்கில் வில்லுக்கென்றே நம் தேசிய அளவில் 50 மீட்டர், 30 மீட்டர் தூரப் பந்தயங்கள் இருக்கின்றன. அடுத்தது கழற்றி மாட்டும் மர வில். பிள்ளை வளர்ந்தால் கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் கீழும் உள்ள இரண்டு வளைவுகளை மட்டும் மாற்றினால் போதும். சக்கரம் வைத்த வில்லுக்கு விலை அதிகம், அவசரம் வேண்டாம். வில்லோடு முன்கைக் காப்பும் விரல் உறையும் கட்டாயம் வாங்குங்கள். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது, வில் முறிந்துவிடும். மொட்டை மாடியில் எய்வது வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டு மாமியின் வடாம் மட்டுமா, மாமிக்கே ஆபத்து!

கடைசியாக ஒரு சேதி. 1972 ம்யூனிக்கில் பெண்களுக்கான வில் பந்தயத்தில் தங்கம் வாங்கிய டோரீன் வில்பர், அமெரிக்காவின் அயோவா ராஜ்யத்துக் குடும்பத் தலைவி. அப்போது அவருக்கு வயது 42. 2024 பாரிஸ் பாராலிம்பிக் பந்தயத்தில், பிறவியிலேயே கைகள் இல்லாத நம் ஜம்மு காஷ்மீரத்துப் பெண் ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து, ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றாள். ஆகையால் நேயர்களே, பிள்ளைக்கு அளவு எடுக்கும்போது உங்கள் கைகளையும் ஒரு தடவை விரித்து அளந்து பாருங்கள். கிண்டி மான்கள் நிம்மதியாக மேயட்டும். நாம் வைக்கோல் பலகையில் குறி பார்ப்போம்!