கல்லில் ஒரு பெயர்

பரங்கிமலைச் சிலுவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது வேர்த்த கதையோடு நின்றுவிடுகிறார்கள். 1558 டிசம்பர் 18-ல் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கல் வேர்த்ததாம், கடைசியாக 1704-ல் வேர்த்ததாம். தோமாவே தன் கையால் செதுக்கியது என்பது இன்னொரு கதை. வேர்வையை அதிசயமாகப் பார்க்க நமக்கு வராது. நம்ம சனங்க தினமும் சிந்துறது அதுதான்.

1547-ல் போர்த்துக்கீசியர் கோயில் கட்ட வானம் தோண்டியபோது கிடைத்த கல் இது. மண்வெட்டி பிடித்த கை எந்தக் கையாக இருந்திருக்கும் என்று யோசிக்க, சுரங்கத்து ஊரான நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 130-க்கு மேல் படிகள். மூட்டுவலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பீடத்தின் சுவரில் பதித்திருக்கிறார்கள். நுனிகள் மொட்டு மாதிரி விரிந்த சிலுவை. அடியில் படிகள், இதழ்கள். மேலே தலைகீழாக இறங்கும் புறா. இரண்டு பக்கமும் தூண்கள். தூண்மேல் இருக்கும் மகரத்தின் வாயிலிருந்து வளைவு கிளம்புகிறது. சிலுவையில் ஏசு இல்லை. மகரமும் இதழும் நம்மூர் சிற்பியின் கைப்பழக்கம் என்றே எனக்குப் படுகிறது. இதே சாதிக் கல் கோட்டயம் வலிய பள்ளியில் இரண்டு உண்டு. 1912-ல் அனுராதபுரத்தில் கிடைத்த சிலுவையும் இதற்குச் சொந்தந்தான்.

வளைவைச் சுற்றி ஓடும் எழுத்து பகலவி, பழைய பாரசீக எழுத்து. 1873-ல் பர்னல் அதை ஆராய்ந்து எழுதினார். அதற்கப்புறம் ஆளுக்கொரு விதமாக வாசித்தார்கள். 1920-களின் கடைசியில் வின்க்வொர்த் வாசித்தது எனக்கு நெருக்கமானது: இதை வெட்டிய சிரியாக்காரன், சகர்பூக்த் மகன் அப்ராசுக்கு இரங்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறது கல். அரசன் பேர் இல்லை, ஆயர் பேர் இல்லை. வெட்டியவன் பேர்.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமா கொத்தனார். ஊர்க் கோயில் மணிக்கூண்டுக்குக் கல் ஏற்றியவர். திறப்புவிழாக் கல்வெட்டில் பங்குச்சாமி பேரும் பணம் கொடுத்தவர்கள் பேரும் இருக்கிறது. மாமா செத்தபோது, ஊர்க்காரங்க கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், நம்ம தெருக்காரங்களைப் புதைக்கிற புறம்போக்கில்தான் குழி வெட்டினோம். சுவர் கட்டும்போது அதற்கும் அவர்தான் கொத்தனார். அரசாங்கத்திடம் போனால் அங்கே வேறு கணக்கு. 1950-ஆம் வருசத்து ஆணைப்படி கிறிஸ்தவன் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. சுவருக்கு நாம பறையன், தாசில்தாருக்கு கிறிஸ்தவன்.

"அந்த ஆளு பேர யாருப்பா எழுதுனது?" என்றாள் அத்தை.

"அவரே வெட்டிக்கிட்டாரு போல, அத்த."

"உங்க மாமனுக்கும் கை இருந்துச்சே."

அதற்காக அந்தப் பழைய திருச்சபையைத் தூக்கிவைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. 849-ல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அதுவும் இந்தப் பாரசீகக் கிறிஸ்தவர்கள் வாங்கியதுதான். சாட்சிகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறான்: ஈழவர் நாலு குடி, வண்ணார் ஒரு குடி. சிலுவைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இறங்கும்போது இதையும் சொன்னேன். அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்தவன் பேரு இருக்கு. வாங்குனவன் பேரு?"

"இருக்கு. மார் சபீர் ஈசோ."

"வண்ணாரு பேரு?"

"ஒரு குடின்னு போட்டிருக்கு அத்த."