எடுப்பதற்குள்

மதுரை விமான நிலையத்திற்கும் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திற்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 140 கி.மீ. காரில் இரண்டரை மணி நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டிய தேவை அநேகமாக யாருக்கும் இல்லை. ஆயினும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் எங்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன. எதில் இறங்குவது என்னும் கேள்வி எங்கள் தெருக்களில் பெரும்பாலும் சாவு வீட்டில்தான் எழுகிறது.

ராஜபாளையத்திலிருந்து மதுரை நிலையம் சுமார் 85 கி.மீ.; வாகைக்குளம் 120 கி.மீ. அளவில். 1992இல் திறக்கப்பட்ட வாகைக்குளத்திற்கு 2025 ஜூலையில் புதிய முனையம் வந்தது. சென்னையிலிருந்து வானில் ஒன்றரை மணி நேரம் போதும். மீதியைச் சாலை எடுத்துக்கொள்கிறது.

எங்கள் பெரியம்மா இறந்தபோது மதுரைக்கு இடம் கிடைக்காமல் மகன் வாகைக்குளத்தில் இறங்கினார். "சங்கரன்கோவில் தாண்டியாச்சா?" என்று கைபேசியில் கேட்டபடியே இருந்தோம். கூடுதலான அந்த 35 கி.மீ. தூரமும் பெரியம்மா ஃபிரீசர் பெட்டியில் காத்திருந்தார்.

முன்பெல்லாம் தொலைவிலிருப்பவர் இரவு ரயிலேறி மறுநாள் பால் தெளிக்க வந்தால் போதும். ஊர் அவரைக் குறை சொல்லாது. இன்று விமானம் இருக்கிறது; ஆகவே வராதிருக்கக் காரணம் இல்லை. விமானம் எங்கள் தூரத்தைக் குறைத்ததைவிட, தூரத்திற்கு ஊர் வழங்கியிருந்த மன்னிப்பைத்தான் அதிகம் குறைத்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.