படம் வந்தபின் தொடங்கும் வேலை

பழைய சிஎன்சி எந்திரத்தில் அணைந்துபோன மானிட்டரை எடுத்துவிட்டுப் புதிய எல்சிடி திரையைப் பொருத்தும் வேலைக்குப் பட்டறைக் கணக்கில் தனித்தலைப்பு கிடையாது. கொள்முதல் ஆணையில் 'மானிட்டர் – 1' என்று ஒரு பொருளாக மட்டுமே அது இடம்பெறுகிறது. பழைய குறிகையைப் (சிக்னலைப்) புதிய திரைக்கேற்ப மாற்றித்தரும், சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் மாற்றுப்பலகை ஒன்றை வாங்கி நான்கு கம்பிகளை இணைத்தால் படம் வந்துவிடுமே, இதற்கு இத்தனை கூலி எதற்கு என்று கேட்கும் உரிமையாளர்கள் பெருகிவிட்டனர். அவர்கள் சொல்வதில் முற்பாதி உண்மை, படம் வந்துவிடும். அதன்பின் செய்ய வேண்டியவற்றை அவர்கள் அறியாததில் வியப்பில்லை. அந்தப் பலகையைப் பொருத்தவரும் இளைஞர்களும் அறியாதிருப்பதே இங்கே எழுதத் தூண்டுவது.

கோவை கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் சென்னை அம்பத்தூரிலும் முப்பதாண்டு கடந்த டர்னிங் சென்டர்கள் இன்றும் மைக்ரான் கணக்கில் வேலை செய்கின்றன. அவற்றின் பால் ஸ்குரூ தேய்ந்தால் மாற்றலாம், ஸ்லைடு தேய்ந்தால் சுரண்டிச் சீராக்கலாம். ஆனால் படக்குழாய் உற்பத்தி உலகெங்கும் ஏறத்தாழ நின்றுவிட்டதால், குழாய் கெட்டால் அதே குழாயைத் தேடுவது வீண். ஜப்பானின் ஃபேனக் நிறுவனம் சிஎன்சி எந்திரங்களுக்கான தன் 0 வரிசைக் கட்டுப்பாட்டை 1985இல் வெளியிட்டது. கணினித்திரைகள் பல இன்றளவும் ஏற்கும் விஜிஏ முறையை ஐபிஎம் கொண்டுவந்தது 1987இல். இந்த ஆண்டு வரிசையில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. திரையில் ஒரு நொடிக்கு எத்தனை கிடைவரிகள் வரையப்படுகின்றன என்பதைக் குறிக்கும் கிடைவரி அதிர்வெண், விஜிஏவில் 31.5 கிலோஹெர்ட்ஸ்; அக்காலக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலவற்றில் அது தொலைக்காட்சியை ஒட்டி 15.7 கிலோஹெர்ட்ஸ் அளவிலோ, அதற்குச் சற்று மேலோ நின்றது. கடையில் வாங்கிய மானிட்டரை நேராக இணைத்தால் 'சிக்னல் இல்லை' என்று காட்டுவது இதனால்தான்.

எந்தக் கம்பியையும் தொடுவதற்கு முன், எந்திரத்தின் குணங்களை வரையறுக்கும் எண்களாகிய பேராமீட்டர்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஃபேனக் 0 வரிசையில் இவை மின்கலத்தின் தயவில் வாழும் நினைவகத்தில் இருப்பவை. மின்கலம் தளர்ந்தால் திரையில் 'பேட்' என்ற எச்சரிக்கை தோன்றும். திரையே அணைந்திருக்கும் எந்திரத்தில் அந்த எச்சரிக்கையை எவர் பார்த்திருக்கப் போகிறார்? மானிட்டர் மாற்றுவதற்காக இரண்டு நாள் மின்சாரத்தை நிறுத்திவைத்து, விலைகொடுத்து வாங்கிய வசதிகளைத் திறந்துவிடும், 900இல் தொடங்கும் எண்களைக் கொண்ட பேராமீட்டர்களையும் சேர்த்து இழந்த பட்டறைகள் உண்டு. ஆகவே முதலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கலங்களை மாற்றி, பிறகு ஆர்எஸ்-232 வழியாகப் பேராமீட்டர்களை மடிக்கணினிக்கு அனுப்ப வேண்டும். திரை தெரியாத நிலையில் எந்த விசைக்குப்பின் எந்த விசை என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். பழைய குழாயின் உயர்மின்னழுத்தத்தைத் தரையிறக்கிய பின்னரே கழற்ற வேண்டும் என்பதைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குறிகையின் மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒற்றை நிறத் திரைகள் பலவற்றுக்கு வருவது டிடிஎல் எனப்படும் 5 வோல்ட் அளவிலான இருநிலைக் குறிகை; இன்றைய திரையும் மாற்றுப்பலகையும் எதிர்பார்ப்பது 75 ஓம் முடிப்பில் 0.7 வோல்ட். நடுவில் ஏறத்தாழ 470 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் போதும் என்ற கணக்கு ஓம் விதி தெரிந்த எவருக்கும் வரும், ஆயினும் நேராக இணைத்து எழுத்துகள் வெளிறிப் பரவிய திரைகள் எத்தனையோ பட்டறைகளில் காணக்கிடைக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்கென்று இரண்டாவது கம்பி கொண்ட அமைப்புகளில் அதை இணைக்காமல் விட்டால், சாதாரண வரிக்கும் அழுத்திக் காட்ட வேண்டிய வரிக்கும் வேறுபாடு மறைந்துவிடும்.

இவையெல்லாம் சிறிய தடைகள். இத்தொழிலில் மனிதரைச் சோதிக்கும் இடம், படம் வந்தபின் தசமப்புள்ளி வந்ததா என்று பார்க்கும் இடமே.

படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக இடைவிடாமல் ஓடுகிறது. கட்டுப்பாட்டு அமைப்பு எந்த வேகத்தில் புள்ளிகளை அனுப்பினாலும் அந்த வேகத்தில் ஒளிர்ந்து காட்டிவிடும். எல்சிடி திரைக்கோ எண்ணிவைத்த புள்ளிக்கட்டங்கள் உண்டு; ஆகவே மாற்றுப்பலகை ஒவ்வொரு கிடைவரியையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாதிரிகளாக வெட்டி அளந்துதான் படத்தை மறுபடி அமைக்கிறது. தொலைக்காட்சிக்கென்று வகுக்கப்பட்ட எண்ணியல் தரத்தில் இந்த எண்ணிக்கை வரிக்கு 858. மலிவான பலகைகள் இத்தகைய நிலையான எண் ஒன்றைத் தாமாகவே கொள்கின்றன. அனுப்பும் பக்கத்தின் எண்ணிக்கை அதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்துக்காட்டாக, ஐபிஎம் 1981இல் வெளியிட்ட சிஜிஏ அட்டையில் ஒரு கிடைவரிக்கு 912 புள்ளி நேரங்கள் உண்டு, அவற்றுள் 640 திரையில் தெரிபவை. 912ஐ 858ஆக வெட்டுவது, வரிசைக்கு 17 புள்ளி வைத்த கோலத்தை 16 புள்ளியில் இழுக்க முயல்வதற்கு ஒப்பாகும்: வரி நெடுகப் பதினேழில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு கலந்து மங்கும், அல்லது இல்லாமலே போகும். தெரியும் 640இல் ஏறத்தாழ 38 புள்ளிகள் இவ்வாறு கெடுகின்றன. எழுத்துகளின் உருவம் பல புள்ளிகளால் ஆனதால் அவை சற்று நசுங்கினாலும் படிக்கத் தக்கனவாகவே இருக்கும். ஆதலால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குப் படம் நன்றாகவே தெரியும். ஒன்றிரண்டு புள்ளி அகலமே கொண்ட தசமக்குறி கெடும் இடத்தில் விழுந்தால் மங்கலாகி, எண்ணெய் படிந்த கண்ணாடிக்குப்பின் காணாமலே போய்விடும்.

இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை என்போர் உண்டு. எந்திரத்தின் இருப்பிடத்தைக் காட்டும் பக்கத்தில் தசமக்குறிக்குப்பின் எப்போதும் மூன்று இலக்கங்களே இருப்பதால், புள்ளி மறைந்தாலும் பழகிய ஆபரேட்டர் தவறாகப் படிக்கமாட்டார். அதுவரை அவர்கள் சொல்வது சரி. புரோகிராம் பக்கத்தில் நிலைமை வேறு. ஃபேனக் வகைக் கட்டுப்பாடுகளின் வழக்கமான அமைப்பில் எக்ஸ் என்ற எழுத்தை அடுத்து 50 என்றெழுதிப் புள்ளி வைத்தால் 50 மில்லிமீட்டர். புள்ளி வைக்காவிட்டால் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். புள்ளி விடுபட்ட வரியையும் புள்ளி மறைந்த வரியையும் திரையில் பிரித்தறிய இயலாத நிலையில், செட்டர் சரிபார்த்ததாகச் சொல்லிச் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினால், டூல் சக்கில் மோதும் பழியும் அவர்மீதே விழும். ஆஃப்செட் பக்கத்தில் கழித்தல் குறியும் ஒரே சீராகத் தெரிவதில்லை: 240 வரிகளை 600 வரிகளாக விரிக்கும் திரையில் ஒற்றை வரித் தடிமன் கொண்ட கோடு ஓரிடத்தில் இரண்டாகவும் ஓரிடத்தில் மூன்றாகவும் விழுகிறது.

இதற்குத் தீர்வு, மாதிரி எண்ணிக்கையை மாற்ற இடந்தரும் பலகையை வாங்கி, எண்ணிக்கையை ஒவ்வொன்றாக நகர்த்தி, திரையின் குறுக்கே தோன்றும் மங்கல் பட்டைகள் அகன்று அகன்று இறுதியில் ஒன்றுகூட இல்லாமல் போகும் எண்ணைக் கண்டுபிடிப்பதே. அதன்பின் கட்டம், அதாவது ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எந்தக் கணத்தில் அளப்பது என்பது, விளிம்பிலன்றி நடுவில் அமையுமாறு சரிசெய்யப்பட வேண்டும். விளிம்பில் நின்றால் எழுத்துகள் நடுங்கும். பலகை சூடேறும்போது இந்தக் கட்டம் சற்று நகரக்கூடும் என்பதால் காலையில் சரியாக இருந்த திரை பிற்பகலில் நடுங்கலாம். மின்சாரப்பெட்டியின் கதவை மூடி அரை ஷிஃப்ட் ஓடவிட்டபின் மறுபடி பார்க்காதவர் வேலையை முடித்தவராகார். தசமப்புள்ளியைத் திரையின் பல இடங்களில் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு: வரியெண்ணை 1, 10, 100, 1000 என்று நீட்டிக்கொண்டே, அதையடுத்து ஒவ்வொரு வரியிலும் ஒரே எக்ஸ் மதிப்பைப் புள்ளியோடு எழுதிய புரோகிராம் ஒன்றை ஏற்றினால், புள்ளி வரிக்கு வரி ஓர் எழுத்து வலப்புறம் நகரும். அந்தப் புரோகிராம் பார்ப்பதற்கு மட்டுமே உரியது, ஓட்டுவதற்கன்று.

ஸ்பிண்டில் வேகமெடுக்கும்போதும் நிற்கும்போதும் திரையைக் கவனிப்பதும் இச்சோதனையில் அடங்கும். கவசக்கம்பியின் தரையிணைப்பு சரியில்லாவிட்டால் டிரைவின் மின்னிரைச்சல் அந்நேரத்தில்தான் படத்தைக் கிழிக்கும். திரைக்கு முன் வைக்கும் பாதுகாப்புத்தகடு பாலிகார்பனேட்டாக இருந்தால் கூலன்டிலுள்ள அமீன்கள் காலப்போக்கில் அதில் நுண்விரிசல்களை உண்டாக்குகின்றன. கடினப்படுத்திய கண்ணாடியே ஏற்றது. அகலத்திரை மலிவாகக் கிடைக்கிறது என்று 16:9 பலகத்தை மாட்டிவிடுவோரின் துணிச்சலை என்னவென்பது. ஃபேனக்கின் 9 அங்குலத் திரையின் அடியில் ஐந்து சாஃப்ட் கீ விசைகளும் அவற்றின் இருபுறமும் ஒவ்வோர் அம்பு விசையும் உண்டு. விசையின் அப்போதைய பொருள் திரையின் அடிவரியில் அதற்கு நேர்மேலே எழுதப்பட்டிருக்கும். 4:3 விகிதம் குலைந்தால் எழுத்து ஒரு பக்கமும் விசை ஒரு பக்கமுமாக நிற்க, ஆபரேட்டர் எண்ணிப்பார்த்து அழுத்த வேண்டியதாகிறது. அதையும் அவர் பழகிக்கொள்கிறார்; பொருத்தியவருக்குப் புகார் போவதில்லை.

கண்டறிந்த மாதிரி எண்ணிக்கையையும் கட்டத்தின் மதிப்பையும் இணைப்புக்கம்பிகளின் வரிசையையும் ஒரு தாளில் எழுதி மின்சாரப்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது அந்தத் தாளை ஒட்டினால் அடுத்தமுறை வேறொருவரை மலிவாக அழைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் எழுதாமல் விடுவோரும், எழுதுவதற்கு எதுவுமே கண்டறியாதவர்களும் ஒருங்கே பெருகியிருக்கிறார்கள். உரிமையாளரின் கண்ணுக்கு இருவருடைய திரையும் ஒரே மாதிரிதான் தெரிகிறது, பில்லும் ஒரே வரியில்தான் எழுதப்படுகிறது.